ஆடு தின்பதெல்லாம் ஆட்டுக்குச் சேருமா?



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நான்கு மாதங்கள் இருக்கும்போதே நம் சகோதரர்கள் சிலருக்கு ஒரு யோசனை வரும். "இப்போதே இருபது முப்பது ஆட்டை வாங்கிப் பட்டியில் கட்டி, நன்றாகத் தீன் போட்டு, பெருநாளைக்கு விற்றால் என்ன?" என்பதுதான் அது. யோசனையில் பிழையில்லை. ஹலாலான தொழில், சந்தை நிச்சயம், முதல் சில மாதங்களில் திரும்பி விடும். ஆனாலும் இதில் கைவைத்தவர்களில் பலர் நட்டப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஏன் நட்டம் வந்தது என்பதைப் பல வருடங்களாக யோசித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், எழுதி வைத்துக் கணக்குப் பார்த்தும் விளங்கிக் கொண்டதை இந்த வாரம் எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் விஞ்ஞானம்தான். பயப்பட வேண்டாம். கடைக் கணக்குத் தெரிந்தவருக்கு இதுவும் விளங்கும்.

2011இல் நான் செய்த பிழை

2011ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பர் மாதத்தில் வந்தது. ஆகஸ்ட் மாதம், நோன்பின் முதல் கிழமையில், புத்தளம் பக்கத்தில் 25 செம்மறியாடுகளை வாங்கினேன். எல்லாம் ஒன்பது பத்து மாதக் குட்டிகள். பெருநாளைக்கு ஒரு வயது பூர்த்தியாகிவிடும். சராசரியாக 13 கிலோ இருந்தன.

பணம் என்னுடையதல்ல. என் ராத்தா விதவை. அவர் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து சேர்த்த இரண்டு இலட்சம் ரூபாவை முழாரபா அடிப்படையில் என்னிடம் தந்திருந்தார். முதல் அவருடையது, உழைப்பு என்னுடையது, இலாபத்தில் பாதிக்குப் பாதி.

இரண்டு இலட்சம் எப்படிச் செலவானது என்று பாருங்கள். ஆடுகளுக்கு 1,30,000. பட்டியைத் திருத்த 20,000. பார்க்க நின்ற பையனுக்கு மூன்று மாதச் சம்பளம் 36,000. தீனுக்கு 14,000. தீனுக்குக் குறைவாகச் செலவழித்ததை அன்று நான் என் கெட்டித்தனமாக நினைத்தேன். வைக்கோல் சும்மா கிடைத்த மாதிரி. பின்னேரத்தில் ஆளுக்கொரு கைப்பிடி புண்ணாக்கு. ஆடுகள் நாள் முழுவதும் மென்று கொண்டே இருந்தன, வயிறும் உப்பித்தான் இருந்தது. நான் திருப்தியாக இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தொங்கு தராசைக் கொண்டுபோய் நிறுத்தபோது தலை சுற்றியது. சராசரி அரைக் கிலோதான் கூடியிருந்தது. சில ஆடுகள் வாங்கியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தன. பெருநாளைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. பதற்றத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சோளமும் சோறும் தொட்டி நிறையப் போட்டேன். இரண்டாம் நாள் மூன்று ஆடுகள் வயிறு ஊதிப் படுத்து, மௌத்தாகிவிட்டன.

மிஞ்சிய 22இல் 6 ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மச்சை வற்றுமளவுக்கு மெலிந்த பிராணி உழ்ஹிய்யாவுக்குப் பொருந்தாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெருநாளைக்கு என்று சொல்லி அவற்றை விற்க மனம் வரவில்லை. குறைந்த விலைக்கு இறைச்சிக் கடைக்குக் கொடுத்தேன். மொத்தமாகக் கைக்கு வந்தது 1,20,000 ரூபா. ராத்தாவின் முதலில் 80,000 போய்விட்டது.

மௌலவி ஒருவரிடம் போய்ச் சட்டம் கேட்டேன். "முழாரபாவில் நட்டம் வந்தால் அது முதல் போட்டவருக்கு; உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். ஆனால் உழைத்தவர் பக்கம் கவனக்குறைவு இருந்தால் அவர்தான் பொறுப்பு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆடு வளர்க்கிற வேலை உங்களுக்குத் தெரியுமா என்று ராத்தா கேட்டாவா?" என்றார்.

"கேட்கயில்ல. என்னை நம்பித் தந்தாங்க."

"தெரியாத வேலையை நம்பி வந்த காசில செய்தது கவனக்குறைவா இல்லையா என்று நீங்கதான் சொல்லோணும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பாடத்தைப் படிக்க வைத்தது.

ஆட்டுக்கல்ல, உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தீன்

அரச மிருக வைத்தியர் ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஹாஜியார், நீங்க ஆட்டுக்குத் தீன் போட்டீங்க. ஆட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குப் போடயில்லை" என்றார்.

விளக்கம் இதுதான். ஆட்டின் இறைச்சி என்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். புரதம் என்பது வீடு என்றால் அதன் கற்கள் அமினோ அமிலங்கள். ஏறத்தாழ 20 வகைக் கற்கள் உண்டு. ஆடு இறைச்சி போட வேண்டுமானால் இந்தக் கற்கள் சிறுகுடலின் சுவர் வழியாக இரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதைத்தான் பாடப் புத்தகத்தில் அகத்துறிஞ்சல் என்கிறார்கள்.

கோழிக்கும் நமக்கும் தின்ற புரதம் நேராகச் சிறுகுடலுக்குப் போகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படியில்லை. பாபத் என்று நாம் கறி ஆக்குகிறோமே, துவாயைப் போல சொரசொரப்பான அந்தப் பெரிய முதல் வயிறு, அது ஒரு தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. ஆடு தின்பதை முதலில் தின்பவை அவைதான். வைக்கோலையும் புல்லையும் உடைத்துச் சக்தியைப் பிரித்தெடுப்பவை அவை. தீனில் உள்ள புரதத்தில் பெரும்பகுதியை அமோனியாவாக உடைத்து, அந்த அமோனியாவைக் கொண்டே தங்கள் உடலைக் கட்டிப் பெருகுகின்றன.

பெருகிய நுண்ணங்கிகள் தீனோடு சேர்ந்து நாலாவது வயிற்றுக்கும் சிறுகுடலுக்கும் அடித்துச் செல்லப்படுகின்றன. அங்கே நொதியங்கள் அவற்றைச் சமிபாடடையச் செய்கின்றன. ஆட்டுக்குக் கிடைக்கும் அமினோ அமிலத்தில் சாதாரணமாகப் பாதிக்கு மேல் இந்த நுண்ணங்கிகளின் உடலில் இருந்துதான் வருகிறது. வெறும் புல்லும் வைக்கோலும் தின்னும் ஆட்டில் அந்தப் பங்கு இன்னும் அதிகம்.

மீதி, முதல் வயிற்றில் உடையாமல் தப்பிவந்த தீன்புரதம். மீன்தூளில் இப்படித் தப்பும் பங்கு கூட. தேங்காய்ப் புண்ணாக்கிலும் ஒரு பகுதி தப்பும், ஏனெனில் எண்ணெய் பிழியும்போது அது சூடேறி இறுகியிருக்கிறது.

ஆக ஆட்டின் இரத்தத்துக்குப் போகும் அமினோ அமிலத்துக்கு இரண்டு வழிகள்: ஒன்று நுண்ணங்கி, மற்றது தப்பி வந்த புரதம். இந்த இரண்டு வழியிலும் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் எதற்குத் தெரியுமா? ஆடு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்பதற்குத்தான்.

அதிகம் தின்றால் என்ன நடக்கிறது?

மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, நுண்ணங்கிகளுக்குச் சக்தி கூடக் கிடைப்பதால் அவை கூடப் பெருகுகின்றன. பொதுவாகப் பாவிக்கும் கணக்கு ஒன்று உண்டு. சமிபாடடையக் கூடிய தீன் ஒரு கிலோவுக்கு, நைதரசன் தட்டுப்பாடு இல்லாவிட்டால், ஏறத்தாழ 130 கிராம் நுண்ணங்கிப் புரதம் உருவாகும். அதில் 100க்கு 64 கிராம் அளவில்தான் அமினோ அமிலமாக அகத்துறிஞ்சப்படும்.

இரண்டாவது, தொட்டியில் வரத்துக் கூடினால் போக்கும் கூட வேண்டும். தீன் வேகமாகக் கீழே இறங்குகிறது. நுண்ணங்கிகள் உள்ளேயே கிழடாகிச் சாவதற்கு முன் சிறுகுடலுக்குப் போய்விடுகின்றன. தேங்கி நின்றால் அவை ஒன்றையொன்று தின்று வீணாகும். கடையில் சரக்குத் தேங்கினால் பழுதாவது போலத்தான். வேகமாக ஓடும் சரக்கில்தான் இலாபம்.

மூன்றாவது, அதே வேகத்தினால் தீன்புரதத்தில் உடையாமல் தப்பி இறங்கும் பங்கும் கூடுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வேகம் கூடும்போது நார்ப்பொருள் முழுதாகச் சமிபாடடைய நேரம் போதாது, கொஞ்சம் சாணத்தில் போகும். ஆனால் அமினோ அமிலப் பக்கம் பார்த்தால் வரவு செலவில் வரவுதான் அதிகம்.

கடை வாடகைக் கணக்கு

இப்போது 20 கிலோ ஆடு ஒன்றை உதாரணமாக எடுப்போம். கணக்குகள் எல்லாம் தோராயமானவை, ஆனால் போக்கு சரியானது. எடைகள் எல்லாம் ஈரம் நீக்கிய காய்ந்த எடை.

இந்த ஆடு எடை கூடாமல் குறையாமல் வெறுமனே உடலைத் தாங்கி நிற்கவே நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் அமினோ அமிலம் இரத்தத்தில் சேர வேண்டும். இது கடை வாடகை மாதிரி. ஒரு சதம் வியாபாரம் நடக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

முதல் நிலை, வைக்கோல் மட்டும். வைக்கோலில் புரதம் 100க்கு 4 அளவில்தான். ஆடு அதை 400 கிராமுக்கு மேல் தின்னாது, அதில் புரதம் 16 கிராம். நுண்ணங்கிகளுக்கே நைதரசன் போதாது. கடைசியில் இரத்தத்துக்குச் சேர்வது 10 கிராம் அளவில்தான். வாடகையில் பாதிதான் வரும் என்ற நிலை. மீதியை ஆடு தன் சதையைக் கரைத்துக் கட்டுகிறது. 2011இல் என் பட்டியில் நடந்தது ஏறக்குறைய இதுதான். அந்தக் கைப்பிடிப் புண்ணாக்கு ஆடுகளைச் சாகாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நிலை, நல்ல கலவைத் தீன் 700 கிராம். அதில் 420 கிராம் சமிபாடடையும் என்று வையுங்கள். அதிலிருந்து 55 கிராம் நுண்ணங்கிப் புரதம், அதில் 35 கிராம் அகத்துறிஞ்சப்படும். தப்பி வந்த புரதத்தில் இருந்து இன்னும் 25 கிராம். மொத்தம் 60. வாடகை 20 போக 40 கிராம் மிச்சம்.

மூன்றாம் நிலையைக் கவனமாகப் பாருங்கள். அதே நல்ல கலவை, ஆனால் செலவை மிச்சம் பிடிக்கப் பாதியாக, 350 கிராம் மட்டும். நுண்ணங்கி வழியில் 17 கிராம், தப்பும் வழியில் போக்கு மெதுவானதால் பாதியைவிடக் குறைந்து 10 கிராம். மொத்தம் 27. வாடகை 20 போக மிச்சம் 7 கிராம்.

தீன் பாதியானது, ஆனால் மிச்சம் 40இல் இருந்து 7க்கு இறங்கிவிட்டது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பாதித் தீன் போட்டால் பாதி வளர்ச்சியாவது வரும் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்புத்தான் நம்மைக் கவிழ்ப்பது. பாதி நாள் கடை திறந்தாலும் வாடகை முழுதாகத்தான்.

மிச்சமுள்ள 40 கிராமும் அப்படியே இறைச்சியாகிவிடாது. ஒரு பகுதி சக்தியாக எரியும். எவ்வளவு வளரும் என்பது தீனில் உள்ள சக்தி, ஆட்டின் இனம், வயது, குடற்புழு எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் மிச்சமே இல்லாதபோது வளர்ச்சியைப் பற்றிக் கதைக்கவே இடமில்லை.

ஏன் ஆடு குறைவாகத் தின்கிறது?

"நான் தொட்டி நிறையப் போடுகிறேன், ஆடு தின்னாவிட்டால் நான் என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

தீனில் புரதம் 100க்கு 7க்குக் கீழே இறங்கினால் நுண்ணங்கிகள் பட்டினி கிடக்கின்றன. வைக்கோலை உடைக்க ஆளில்லை. உடையாத வைக்கோல் தொட்டியை விட்டு இறங்காது. தொட்டி நிறைந்தே இருப்பதால் ஆட்டுக்குப் பசிக்காது. உப்பிய வயிற்றைப் பார்த்து நான் திருப்திப்பட்டேன் என்றேனே, அந்த வயிற்றில் இருந்தது சரக்கல்ல, விற்பனையாகாத குப்பை.

இங்கேதான் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த நுண்ணங்கிகளுக்குக் கொஞ்சம் நைதரசனைக் கொடுத்தால் வைக்கோல் வேகமாக உடையும், வயிறு இறங்கும், ஆடு தானாகவே கூடத் தின்னும். கூடத் தின்றால் அமினோ அமிலம் கூடச் சேரும். ஒரு கிலோ கிளிரிசீடியா இலை செய்யும் வேலை அதன் சொந்தப் புரதத்தோடு நின்றுவிடுவதில்லை. அது வைக்கோலையும் இழுத்துக்கொண்டு போகிறது.

தண்ணீர் இன்னொரு காரணம். காய்ந்த தீன் ஒரு கிலோவுக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும், வெயில் நாளில் இன்னும் கூட. தண்ணீர் குறைந்தால் முதலில் குறைவது தின்பது. உச்சி வெயிலில் ஆடு தின்னாது. விடியற்காலையிலும் அஸருக்குப் பின்பும் போட்ட தீன்தான் உள்ளே போகும். நீட்டு வைக்கோலைவிட வெட்டிய வைக்கோலைக் கூடத் தின்னும். நேற்றைய எச்சில் தீனின் மேல் இன்றையதைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். குடற்புழு இருந்தால் பசியும் போகும், குடித்த இரத்தத்தோடு புரதமும் போகும். ஆகவே பட்டிக்குள் சேர்த்த முதல் கிழமையிலேயே மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுப்பது முதற் செலவாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தது

புரதம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் ஆய்வாளர்களான ரீஸ், ஷிங்கல் என்ற இருவர் 1963இல் கம்பளி ஆடுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்களை வாய் வழியாகக் கொடுக்காமல், குழாய் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குள் செலுத்தினார்கள். கம்பளி வளர்ச்சி நன்றாகக் கூடியது. வாயால் கொடுத்தால் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே நுண்ணங்கிகளால் சிதைக்கப்பட்டுவிடும்.

நம் நாட்டுச் செம்மறிக்குக் கம்பளி இல்லை, நமக்கு அது வியாபாரமும் இல்லை. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். வாயில் போட்டது கணக்கல்ல, சிறுகுடலுக்கு வந்து சேர்ந்ததுதான் கணக்கு. விலை கூடிய புரதத்தைக் கொட்டினாலும், அதை உடைத்த நுண்ணங்கிக்குப் பெருகுவதற்குச் சக்தி இல்லையென்றால், அமோனியா இரத்தத்துக்குள் போய், ஈரலில் யூரியாவாக மாறி, ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகத் திரும்பினாலும் பெரும்பகுதி மூத்திரத்தில் போய்விடும். பட்டியில் மூக்கைக் குத்தும் நெடி அடித்தால், உங்கள் புண்ணாக்குக் காசும் அதில் கொஞ்சம் இருக்கலாம். புரதமும் சக்தியும் ஒன்றாக வர வேண்டும். சரக்கு இருந்து வேலையாள் இல்லாத கடையும், வேலையாள் இருந்து சரக்கு இல்லாத கடையும் ஒன்றுதான்.

யூரியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை

"பசளை யூரியாவே நைதரசன்தானே, அதைக் கொடுத்தால் மலிவாக முடியுமே" என்று சிலர் கேட்கிறார்கள். யூரியாவில் நைதரசன் 100க்கு 46. நுண்ணங்கிக்கு அது உணவுதான். ஆனால் அளவு தவறினால் நஞ்சு. ஒரேயடியாக அமோனியா பொங்கி ஆடு சில மணி நேரத்தில் சாகும். முழுத் தீனில் 100க்கு 1 பங்கைத் தாண்டக் கூடாது, நன்றாகக் கலந்திருக்க வேண்டும், குடிநீரில் கரைக்கவே கூடாது, சின்னக் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இதைவிடப் பாதுகாப்பானது வைக்கோலைப் பதப்படுத்துவது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் அளவு தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி ஒரு கிழமைக்கு மேல் வைத்து, பின் திறந்து நெடி போகக் காற்றாட விட்டுக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலேயே 1980களில் பரீட்சித்துப் பரப்பிய முறை இது. வைக்கோல் மிருதுவாகும், ஆடு மாடு கூடத் தின்னும். முதல் முறை செய்பவர் மிருக வைத்தியரையோ கால்நடை போதனாசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யட்டும்.

நான் பிறகு செய்த கலவை

2013இல் என் சொந்தப் பணத்தில் 8 ஆடுகளோடு மட்டும் மறுபடி தொடங்கினேன். 20 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு நான் போட்டது இது:

வெட்டிய வைக்கோல் 200 கிராம்.
ஒரு இரவு வாட விட்ட கிளிரிசீடியா இலை, பச்சை எடையில் 1 கிலோ.
தேங்காய்ப் புண்ணாக்கு 150 கிராம்.
அரிசித் தவிடு 150 கிராம்.
கொஞ்சம் உப்பு, எந்நேரமும் சுத்தமான தண்ணீர்.

ஈரம் நீக்கிப் பார்த்தால் இது 700 கிராம் வரும். புரதம் 100 கிராமுக்குச் சற்று மேலே. இலையை வாட விடுவது அதன் நெடி குறைய. பழக்கமில்லாத ஆடு முதல் நாட்களில் தொடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். இப்பில் இப்பில் இலையும் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு நஞ்சு இருப்பதால் முழுத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

புண்ணாக்கு, தவிடு, சோளம் எதுவானாலும் பத்துப் பதினான்கு நாள் எடுத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென்று மாப்பொருளைக் கொட்டினால் முதல் வயிற்றில் அமிலம் பொங்கும். அதைத் தாங்கும் நுண்ணங்கிகள் அங்கே இன்னும் பெருகியிருக்கவில்லை. என் மூன்று ஆடுகளும் அப்படித்தான் போயின. பெருநாளைக்கு முந்திய மாதத்தில் அவசரப்பட்டுக் கொழுக்க வைக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒவ்வொரு நாளும் காலையில் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்து எழுதினேன். போட்டதில் மிஞ்சியதைக் கழித்தால் வருவதுதான் உண்மையான தீன். அந்த ஒரு கொப்பி எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. இன்று 100 கிராம் குறைவாகத் தின்றிருந்தால் நாளை எடை குறையும் முன்பே காரணத்தைத் தேடலாம். 90 நாட்களில் அந்த எட்டு ஆடுகளும் சராசரியாக 7 கிலோ கூடின. பெரிய சாதனையல்ல. ஆனால் வாடகை போக மிஞ்சியது.

தராசில் நேர்மை

ஒரு விஷயத்தை மனதில் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். விற்கிற அன்று உப்புக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றை நிரப்பித் தராசில் ஏற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆட்டின் உயிர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் வயிற்றுச் சரக்காக இருக்கலாம். அது இறைச்சியல்ல. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும், பால் கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டி விற்பதைத் தடுத்ததும் நாம் ஜும்ஆவில் கேட்டவை. வயிற்றைப் பெருக்கிக் காட்டுவதும் அதே கணக்கில்தான் வரும்.

வாங்கும்போது இதுவே நமக்குப் பாதுகாப்பும் கூட. காலையில் தீனும் தண்ணீரும் போடுவதற்கு முன் நிறுத்து வாங்குங்கள். வயிற்றைப் பார்க்காதீர்கள். முதுகெலும்பின் மேலும் விலாவின் மேலும் கையை வையுங்கள். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால், வயிறு எவ்வளவு உப்பியிருந்தாலும் அந்த ஆடு உள்ளே பட்டினி.

முதல் போடும் முன்

இத்தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்களுக்கு என் ஆலோசனை சுருக்கமானது. ஆடு வாங்கும் காசைக் கணக்குப் போடும் முன் மூன்று மாதத் தீனுக்கான காசை ஒதுக்குங்கள். அது போதாவிட்டால் ஆட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தீனைக் குறைக்காதீர்கள். 25 ஆட்டைப் பாதி வயிற்றோடு வைத்திருப்பதைவிட 12 ஆட்டை வயிறு நிறைய வைத்திருப்பது இலாபம். இதை நான் 80,000 ரூபா கொடுத்துப் படித்தேன், நீங்கள் இப்பத்திரிகையின் விலைக்குப் படித்துவிடலாம்.

அடுத்தவர் முதலை வாங்குவதாயின், வேலை தெரியுமா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே உங்களைக் கேளுங்கள். நட்டம் வந்தபின் "அல்லாஹ்வின் கத்ர்" என்று சொல்வது நமக்கு எளிது. செய்ய வேண்டியதைச் செய்த பிறகு சொன்னால்தான் அந்தச் சொல் நம் வாயில் பொருந்தும்.

மௌலவியின் கேள்விக்கு எனக்குள் கிடைத்த பதிலின்படி, அந்த 80,000 ரூபாவையும் நான்கு தவணையில் ராத்தாவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முதலில் வாங்க மறுத்தார். "ஆடு மெலிஞ்சதுக்கு நீ என்னடா செய்வ?" என்றார். மெலிந்தது ஏன் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுத்தேன்.

ஆடு வளர்க்கும் சகோதரர்கள் இன்றைக்கே ஒரு கொப்பியும் ஒரு தராசும் வாங்கிவையுங்கள். மிஞ்சியதை நிறுத்து எழுதத் தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பெருநாள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.